நடு நிலையத்துக்காரி

— நிறுத்துங்க எடிட்டர். அங்கயே நிறுத்துங்க. அவ எங்க?

— யாரு மேடம்?

— நடு நிலையத்துல தனியா உக்காந்திருப்பாளே, அவ. பூமியிலருந்து வர்ற சேதியை வாங்கி விண்கப்பலுக்கு அனுப்புறவ. என் நாவல்ல நாப்பது பக்கம் வர்றவ.

— அதை டைரக்டர் சாரைத்தான் கேக்கணுங்க. அவரு வெட்டுன்னா வெட்டுவேன், ஒட்டுன்னா ஒட்டுவேன்.

— அவரை ஏன்க்கா மிரட்டுற? நான்தான் வெட்டச் சொன்னேன். நாலு நாள் அந்தப் பொம்பளையை ஒரு ரூமுக்குள்ள உக்கார வச்சு எடுத்தோம். போட்டுப் பாத்தா கொட்டாவி வருது.

— கொட்டாவி உனக்கு வந்துச்சா, உன் தயாரிப்பாளருக்கு வந்துச்சா?

— ஜனங்களுக்கு வரும். புத்தகத்துல நீ ‘அவள் யோசித்தாள்’னு ஒரு வரி எழுதிட்டுப் போயிடலாம். நான் அந்த யோசனையை எப்படி எடுக்கிறது? கேமராவைக் கொண்டுபோய் அவ மண்டைக்குள்ள வைக்கவா?

— ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம். எடிட்டர், கொஞ்சம் பின்னாடி போங்க. அந்த விண்கல் மழை, அது எந்தப் படத்துல இருந்து?

— நான் எதுவும் சொல்லலைங்க.

— நீங்க சொல்லவே வேண்டாம். அந்த ஜோக்கடிக்கிற ரோபோ? பத்து, ஒன்பது, எட்டுன்னு ஓடுற சிவப்பு நம்பர்? பத்து வீட்டுல பாத்திரம் இரவல் வாங்கிச் சமைச்சு, என் பேரைச் சொல்லிப் பரிமாறப் போறான் என் தம்பி.

— நீ மட்டும் வானத்துலருந்து குதிச்சியா? கப்பல்ல போற பிள்ளை, பூமியில சாகக் கிடக்கிற அம்மா. உனக்கு முன்னாடி நூறு பேர் எழுதிக் கிழிச்சாச்சு.

— ஒத்துக்கறேன். கப்பல் என்னுது இல்லை. பிள்ளை என்னுது இல்லை. யாரும் எழுதாதது அந்தப் புத்தகத்துல ஒண்ணே ஒண்ணுதான். ‘ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போப்பா’ன்னு அம்மா அனுப்புற சேதியை மூணு நாள் கையில வச்சுக்கிட்டு, அனுப்பாமலே உக்காந்திருக்காளே, அவ. அவ அனுப்பும்போது கப்பல் திரும்பவே முடியாத தூரத்துக்குப் போயிருக்கும். அவளைத் தேடிப் பிடிச்சுத் தூக்கிட்ட. உயிரை எடுத்துட்டு உடம்புக்கு நகை போட்டு வச்சிருக்க.

— ஏன் அனுப்பலை? முதல்ல அதைச் சொல்லு. அவ கெட்டவளா? எதிரியோட ஆளா? மெஷின் ரிப்பேரா? லாஜிக் வேணும்ல? நடிச்சவங்களே வந்து கேட்டாங்க, ‘சார், நான் ஏன் அனுப்பாம இருக்கேன்?’னு. நான் பேய் மாதிரி முழிச்சேன்.

— அவ டீ போட்டுக்கறா. தொட்டியில இருக்கிற ஒத்தைச் செடிக்குத் தண்ணி ஊத்தறா. அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கறா. பட்டன் மேல கையை வைக்கிறா, எடுத்துடறா. படிச்சவங்களுக்கு அது போதும்.

— எத்தனை பேர்? முன்னூறா? அதுல பாதி நம்ம சொந்தக்காரங்க, நீ ஓசியில குடுத்தது.

— சார், குறுக்கப் பேசறேன்னு நினைக்காதீங்க. ரெண்டு மணிக்குப் படம் சென்சாருக்குப் போகணும். மேடம் சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போட்டாதான்…

— போட மாட்டேன். அவளைத் திரும்ப வைக்கட்டும், போடறேன்.

— நீ போடலைன்னா படம் பெட்டிக்குள்ளதான் கிடக்கும். ரெண்டு வருஷமா இருநூறு பேரு ராப்பகலா உழைச்சிருக்காங்க. தெரியுமா?

— தெரிஞ்சுதான் பேனாவை மூடியே வச்சிருக்கேன்.

— கல்நெஞ்சுக்காரி.

— இருந்துட்டுப் போறேன். உன் படத்துல பையன் சேதியை உடனே கேக்கறான். கப்பலைத் திருப்பறான். விண்கல்லையெல்லாம் பந்து மாதிரி ஒதுக்கிட்டு வந்து அம்மா கையைப் பிடிக்கறான். அந்தம்மா கண்ணைத் திறந்து சிரிக்கறா. பொய்டா இது.

— பொய்தான்! வேணும்னேதான் மாத்தினேன்! எடிட்டர், நீங்க கொஞ்சம்…

— நான் அப்பவே செருப்பை மாட்டிட்டேங்க. கதவைச் சாத்திட்டுப் போறேன். மெஷின் மேல மட்டும் கோபத்தைக் காட்டிடாதீங்க ரெண்டு பேரும்.

— கேட்டுக்க. உன் புத்தகம் வந்த வாரம் பெரியப்பா நாலு பேர் முன்னாடி என்னைக் கேட்டாரு, ‘அம்மா சேதி போயும் வராத பையன் நீதானப்பா?’ன்னு. சித்தி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ஆறு வருஷமா எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் எனக்கு அந்தப் பேருதான். கேக்காம என் வாழ்க்கையைத் தூக்கி அச்சுல ஏத்தின நீ, என்னைப் பாத்து இரவல்காரன்ங்கற!

— நான் உன் பேரை எங்கயும்…

— பேரு எதுக்கு? வியாழக்கிழமை சாயங்காலம், அம்மாவுக்கு ரொம்ப முடியலைன்னு நீ போன் பண்ணின. ஷூட்டிங்கை அப்படியே போட்டுட்டு, கிடைச்ச லாரியில ஏறினேன். வெள்ளிக்கிழமை காலையில வாசல்ல வந்து நின்னா எல்லாம் முடிஞ்சுபோச்சு. எனக்குக் கிடைக்காதது, என் படத்துல இருக்கிறவனுக்காவது கிடைக்கட்டும்னு எடுத்தேன். அதைப் போயி பொய்ங்கற.

— அந்தப் பையன் நீதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் புத்தகம் உன்னைப் பத்தினது இல்லைடா.

— பின்ன யாரைப் பத்தினதாம்?

— அந்த நாப்பது பக்கத்தை ஒரு தடவையாவது நிதானமாப் படிச்சியா?

— பத்துத் தடவை படிச்சேன்! அவ ஏன் அனுப்பலைன்னு ஒரு வரி இல்லைங்கறேன்ல!

— இல்லை. கோபத்துலயா, பொறாமையிலயா… எனக்கே இன்னும் தெரியலை. தெரியாததை எப்படி எழுதறது?

— உனக்குத் தெரியலையா? நீ உண்டாக்கின ஆளுதானே அவ?

— அம்மா உன்னைக் கூப்பிடச் சொன்னது திங்கக்கிழமைடா.