அளவு ஜாக்கெட்

— அளவு ஜாக்கெட்டு எடுத்தாந்திருக்கேன் மங்கை. இதுல இருக்கற மாதிரியே தைச்சிடு. கழுத்து மட்டும் கொஞ்சம் ஏத்தி வெச்சிடு.

— கல்யாணத்துக்குன்னா பஜார்ல குடுங்க அண்ணி. மாப்ள அம்மா போடறது, நல்லா இருக்கணும். நான் நைட்டியும் சுடிதாரும்தான் தைக்கறேன்.

— ஐய, கல்யாண ஜாக்கெட்டு யாரு கேட்டது? நீ வேற ஒண்ணு தைப்பியே, அத கேக்கறேன். உள்ள பை வெச்சி.

— எந்தப் பை?

— சீயமங்கலத்துல எங்க சின்னம்மா மவ வளர்மதி இருக்கறா. அவளுக்கு மார்ல கட்டி வந்து ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. போன அமாவாசைக்கு மேல்மலையனூர் வந்தா. பாத்தா ரெண்டு பக்கமும் சரியா இருக்குது. எப்டிடீன்னு கேட்டேன். செஞ்சில ஒருத்தவங்க தைச்சிக் குடுக்கறாங்க, அவங்களுக்கும் எடுத்திருக்குதுன்னா. பேரு கேட்டேன். ஒம்பேர சொன்னா.

— அப்ப தெரிஞ்சிப்போச்சு.

— தெரிஞ்சிப்போச்சு.

— எழிலரசு தம்பிக்கு?

— இந்த தனகோட்டிக்கு வாய் பெருசுன்னு அவலூர்பேட்டையே சொல்லும். ஆனா இத பெத்த புள்ளைகிட்ட கூட சொல்லல.

— சொல்லிடுங்க அண்ணி. பொண்ணு பாக்க வந்தப்பவே நாங்க சொல்லியிருக்கணும். எம்மவ ஜெயஸ்ரீயோட நைனாதான் வாணாம்னாரு. அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்பாங்க, ஒருத்தனும் நம்ம வாசப்படி ஏறமாட்டான்னாரு. நீங்க குடுத்த நிச்சயப் புடவ மடிச்சபடியே இருக்குது. எடுத்தாரட்டுமா?

— இன்னா பொம்பள நீ! மவ கல்யாணம் நிக்கப்போவுதுன்னு நெனச்சிக்கினு, புடவய எடுத்தாரட்டுமாங்கற. கொரல் கூட ஒடயல. அழுவ மாட்டியா?

— வரமாட்டேங்குது. ஆபரேஷன் ஆனதுலேந்து அப்டித்தான். இந்தக் கைக்கு உள்பக்கம், இங்க, ஊசி குத்தினா தெரியாது. துணில ரத்தம் பட்டப்புறம்தான் பாப்பேன். மத்ததும் அப்டியே ஆயிடுச்சி. அவ்ளதான்.

— புடவ கெடக்கட்டும் உடு. நீ எப்டி இந்த தையல்ல எறங்கின, அத சொல்லு.

— சொல்றதுக்கு இன்னா இருக்குது. ஆபரேஷன் ஆயி வந்து பழைய டைலர்கிட்ட போனேன். எப்பவும் குடுக்கற அளவு ஜாக்கெட்ட குடுத்தேன். அவரும் அந்த அளவுக்கே தைச்சாரு. போட்டா ஒரு பக்கம் தொளதொளன்னு தொங்குது. திருப்பி எடுத்தும்போனேன். "அளவுல இருக்கற மாதிரிதாம்மா தைச்சிருக்கேன், நீங்கதான் எளைச்சிட்டீங்க"ன்னாரு. கட பூரா ஆளுங்க. அவர் மேல தப்பில்ல. பழைய உடம்போட அளவ நான்தான் குடுத்திருக்கேன்.

— அடக் கடவுளே. அப்பறம்?

— பழைய மிஷின் ஒண்ணு வாங்கியாந்தேன். போன்ல பாத்து நானே எனக்கு தைச்சேன். மொதல்ல உள்ள பஞ்சு வெச்சேன், கைய தூக்கினா மேல ஏறிக்கும். அப்பறம் பஞ்சுக்குள்ள கடுகு வெச்சேன். கனம் வந்திச்சி, எடத்துல நின்னுச்சி. கை வீங்கும், அதுக்கு அக்குள்கிட்ட ஒரு துண்டு சேத்து லூசா உட்டேன். செக்கப்புக்கு போனப்ப வரிசைல ஒரு பொம்பள என்னயே உத்து உத்து பாத்தா. பாத்ரூமுக்கு இட்டும்போயி அவுத்துக் காட்டினேன். மறுவாட்டி போறப்ப அவளுக்கு ஒண்ணு தைச்சி எடுத்தும்போனேன்.

— அப்டியே யாவாரம் ஆயிடுச்சி.

— ஆயிடுச்சி. திண்டிவனத்துலேந்து வர்றாங்க, திருவண்ணாமலேந்து வர்றாங்க. பக்கத்து வீட்ல நைட்டி தைக்க வர்றாங்கன்னு நெனச்சிக்கறாங்க. ஜெயஸ்ரீ கோட்ட ரோட்ல ஒரு கட பாத்து வெச்சிருக்குது. போர்டு வைக்கலாம்மா, ஆன்லைன்ல போடலாம்மாங்குது. போர்டுல இன்னான்னு எழுதறது?

— இருக்கறத எழுது.

— எழுதினா அவளுக்கு கல்யாணம் ஆவாது. கல்யாணம் ஆவட்டும், அப்பறம் எழுதலாம்னு இருந்தேன்.

— சரி சரி. இத எப்ப தருவ?

— யாருக்கு அண்ணி? வளர்மதிக்கா?

— அவளுக்கு இல்ல. தெரிஞ்சவங்க ஒருத்தவங்க.

— அவங்கள வரச்சொல்லுங்க. அளவு ஜாக்கெட்ட வெச்சி நான் தைக்கறதில்ல. உடம்புல வெச்சித்தான் அளவு எடுப்பேன். எந்தப் பக்கம்?

— எடது.

— ஆபரேஷன் எப்ப ஆச்சு? காயம் ஆறியிருக்கணும்.

— இன்னும் ஆவல.

— ஆவாம எப்டி தைக்கறது? எவ்ளோ எடுப்பாங்கன்னு யாருக்கு தெரியும்? எந்த ஆஸ்பத்திரில பாக்கறாங்க?

— எங்கயும் பாக்கல.

— அண்ணி. இந்த ஜாக்கெட்டு யாருது?

— என்துதான்.

— எப்பலேந்து?

— பொங்கல்லேந்து. மொச்சக்கொட்ட மாதிரி இருந்திச்சி. வலிக்கல, உட்டுட்டேன். இப்ப எலுமிச்சங்கா அளவு ஆயிருக்குது.

— கொக்கிய அவுருங்க. கதவு சாத்தித்தான் இருக்குது.

— கை சில்லுன்னு இருக்குது மங்கை.

— கைய கொஞ்சம் தூக்குங்க. அக்குள்ளயும் ஒண்ணு தட்டுப்படுது.

— அது வேர்வ கட்டி.

— இல்ல. எனக்கும் அங்க இருந்திச்சி. சீக்கிரம் வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருப்போம்னாங்க. இன்னிக்கே போங்க.

— ஆவணில கல்யாணம். அது முடியட்டும், மறுநாளே போறேன். அதுக்குத்தான் முன்னாடியே தைச்சி வெச்சிக்கலாம்னு வந்தேன். ஆஸ்பத்திரிலேந்து வர்றப்பவே போட்டுக்கினு வந்துடுவேன். ஒருத்தருக்கும் தெரியாது.

— ஆவணி வரைக்கும் அது சும்மா ஒக்காந்திருக்குமா?

— நான் சொல்றத கேளு. நிச்சயம் ஆனப்புறம் மாமியாக்காரி படுத்துக்கினா ஊரு இன்னா பேசும்? பொண்ணு ராசி சரியில்லம்பாங்க. எங்க வீட்டு ஆளுங்களே சொல்லுவாங்க. ஒம்பொண்ணு வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பேரு வந்துடும். காலம் பூரா எவளாவது குத்திக்கினே இருப்பா. நல்ல பொண்ணு மங்கை அது. அதுக்கு அந்தப் பேரு வாணாம்.

— எம்பொண்ணுக்காவவா இத்தினி மாசமா மறச்சி வெச்சிருக்கீங்க?

— எனக்காவவும்தான். பயமா இருக்குது. கல்யாணம்னு ஒரு சாக்கு கெடச்சிது, அத புடிச்சிக்கினேன். நீ தைச்சிக் குடு. வேற எதுவும் நான் கேக்கல.

— ஒங்க போன குடுங்க.

— எதுக்கு?

— தம்பிகிட்ட பேசணும்.

— வாணாம் மங்கை. நீ வாயத் தெறந்தா ஒன் விசயமும் சேந்து வெளிய வரும்.

— வரட்டும்.

— பைத்தியக்காரி! கல்யாணம் நின்னுபூடும்!

— கல்யாணமே இல்லன்னா யாரு ராசியும் இல்ல, ஆவணிக்கு காத்திருக்கவும் வாணாம் அண்ணி. கொக்கிய போட்டுக்கோங்க.

— குடுத்துடு போன. அவன் வேலைல இருப்பான். மங்கை, ஒன்ன கும்புடறேன்.

— தம்பி எழிலரசு, ஜெயஸ்ரீ அம்மா பேசறேன். கல்யாணத்த நாங்க நிறுத்திட்டோம், கேக்கறவங்களுக்கு பொண்ணு வீட்லதான் வாணான்னுட்டாங்கன்னு சொல்லிக்கோ. ஒங்கம்மாவ இப்ப பாண்டி ஆஸ்பத்திரிக்கு கூட்டிம்போறேன், நீ நேரா அங்க வந்துடு.