மழுங்கிய கொக்கி

கார் பட்டறையில் காத்திருப்பது எனக்குப் பிடிக்கும். அங்கே யாரும் நம் சொந்த விஷயத்தைக் கேட்பதில்லை. வண்டிக்கு என்ன என்று மட்டும்தான் கேட்பார்கள்.

அண்ணனுடைய ஆட்டோமேட்டிக் கார் கொஞ்ச நாளாகவே முரண்டு பிடித்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் உறுமும். வண்டி யோசித்துவிட்டுத்தான் நகரும். "நம்ம ஆமையார் மாதிரியே ஆயிடுச்சு" என்று சொல்லிச் சாவியை என்னிடம் தூக்கிப் போட்டார். ஆமை என்பது நான்தான். அவருக்கு வேலை அதிகம், எனக்கு நேரம் அதிகம். அதனால் நான் போனேன்.

கியர்பாக்ஸ் மெக்கானிக் பொறுமைசாலி. ஓட்டிப் பார்த்தார். ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டு முகர்ந்தார். கருகிய வாடை எனக்கே வந்தது. பிறகு பட்டறை வாசலின் சரிவில் வண்டியை ஏற்றி, கியரை நிறுத்திவைக்கிற P-யில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். நின்றது. சற்றுப் பொறுத்து உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி மெல்லப் பின்னால் உருண்டது.

"பாத்தீங்களா சார்? P-ல போட்டா உள்ள ஒரு கொக்கி பல்லுல போய் விழணும். அது முனை மழுங்கிக் கெடக்கு. ஒரு நேரம் பிடிக்கும், ஒரு நேரம் விட்டுடும். மொத்தமா இறக்கித்தான் கட்டணும். சாமான் வெளியிலேர்ந்து வரணும். அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டுமே."

"அண்ணனுக்கு தினமும் வேணும்."

"அப்போ ஹேண்ட் பிரேக் போடாம இறங்கவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடுங்க. வீடு மேட்டுலயா இருக்கு?"

"இல்ல, சமதரைதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டீர்கள். பேச்சை முடிக்கத் தோன்றியது, அவ்வளவுதான். எங்கள் வீடு சமதரையில் இல்லை என்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். போர்ட்டிகோவிலிருந்து வெளிக்கதவுவரை நல்ல சரிவு. தள்ளித் திறக்கிற கனத்த இரும்புக் கதவு. அண்ணன் தினமும் காலையில் வண்டியைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, P-யில் போட்டு, இன்ஜினை அணைக்காமலே இறங்கிப் போய்த் தள்ளுவார். ஹேண்ட் பிரேக்கைத் தொடமாட்டார். நான் தொடுவேன். அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன். ஆயில் கருகியது, பிளேட் தேய்ந்தது, சாமான் வரவேண்டியது. ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் கெட்டவர் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். மாடி அறையை எனக்காகத்தான் கட்டினார். விருந்தாளிகள் வந்தால் மட்டும் ஒரு கதை சொல்வார். "இவன் பொண்ணு பாக்கப் போறதுக்குள்ள அவளுக்குக் கொழந்தையே பொறந்துடுச்சு." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிய கடிதங்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. அண்ணி மட்டும் சிரிக்கமாட்டார். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விடுவார்.

சாமான் வந்துவிட்டது என்று மெக்கானிக் போன் செய்தார். அண்ணன் ஊரில் இல்லை, அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றேன். அண்ணன் கீழே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி போன் வந்தது. "அண்ணன்கிட்ட அந்த ஹேண்ட் பிரேக் விஷயம் சொன்னீங்கல்ல சார்?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். அந்த நாட்களில் காலை எழுந்ததும் ஜன்னலருகே காபியோடு நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கொக்கி ஒவ்வொரு நாளும் பிடித்தது. வண்டி வெளியே போனதும்தான் காபி தொண்டையில் இறங்கும். பயந்தேன் என்றே நினைக்கிறேன்.

அன்று அண்ணனும் அண்ணியும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். அண்ணன் வண்டியைக் கதவுக்கு முன்னால் நிறுத்திய பிறகு போனை மறந்துவிட்டது நினைவுக்கு வந்து, இறங்கி வீட்டுக்குள் ஓடினார். அண்ணி சும்மா உட்காருகிற ஆளில்லை. அவர் வரும்வரை கதவைத் திறந்து வைக்கலாம் என்று இறங்கினார். பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் தாழை நீக்கினார். கதவு அசையவில்லை. வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றவர் திரும்பி, அண்ணாந்து, மாடி ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"தம்பி, உங்க மாத்திர தீந்துடுச்சே. வர்றப்ப வாங்கிட்டு வரட்டா?"

அப்போது அந்தக் கடகட சத்தம் கேட்டது.

"வேண்டாம் அண்ணி, இருக்கு" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

ஹேண்ட் பிரேக் போடாததால் நடந்த விபத்து என்று ஸ்டேஷனில் எழுதி, கொஞ்ச நாளில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணன் அதன் பக்கமே போகவில்லை. போர்ட்டிகோவில் உட்கார்ந்து, "நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சோறு பிசைந்து ஊட்டினேன். அவர் இப்போது அந்தக் கதையெல்லாம் சொல்வதில்லை. எங்களுக்குள் அவ்வளவு நெருக்கம் முன்பு இருந்ததில்லை.

வேலையை முறையாக முடித்துவிடலாம் என்றுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வண்டியை எடுத்துப் போக வந்தவர் வெளிக்கதவருகே அப்படியே நின்றுவிட்டார். சரிவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சமதரைன்னு சொன்னீங்களே சார்."

குரல் பெரிதாக இல்லை. ஆனால் போர்ட்டிகோவில் இருந்த அண்ணனுக்குக் கேட்டது.

"என்னடா சொல்றாரு இவரு?" என்றார் அண்ணன். ஆமை என்று கூப்பிடவில்லை. மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னார். கொக்கி, சாமான், இரண்டு போன். அண்ணன் என்னை அடிக்கவில்லை. எழுந்து போய் அவரேதான் உங்களுக்குச் சொல்லியனுப்பினார்.

ஆம், நான் செய்தது என்னவென்று எனக்குத் தெரியும். அண்ணன் நசுங்கவேண்டும் என்று ஒவ்வொரு காலையும் காத்திருந்தேன். அதை மறைக்கவில்லை. அண்ணி கணக்கில் இல்லை, அது தவறிப்போனது.

சத்தம் கேட்ட பிறகும் நேரம் இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இருந்தது. வண்டி முதலில் மிக மெதுவாகத்தான் நகர்ந்தது. "அண்ணி, நகருங்க" என்று ஒரு வார்த்தை போதும். கத்தவும் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தச் சத்தத்துக்கே கத்தினால், கொக்கி கெட்டது எனக்கு முன்பே தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடுமே. அந்த வீட்டில் என்னை நல்லவன் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். அந்த நினைப்போடு அவர் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.