ஏழாவது ஸ்லைடு

ஒரு ஸ்லைடில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். குரல் சொல்வதை எழுத்து திரும்பச் சொல்லக் கூடாது. நான் தயாரித்த எல்லாவற்றிலும் இந்த இரண்டையும் கடைப்பிடித்திருக்கிறேன். நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

எங்கள் ஆலையில் இரும்புத் தகடுகளை அமிலத் தொட்டியில் முக்கித் துரு எடுப்பார்கள். அந்தப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடப் பாடம் ஒன்று உண்டு. படங்கள் என்னுடையவை. முதலில் குரலும் என்னுடையதாகத்தான் இருந்தது. வேதியியல் படித்தவள் என்பதால் விளக்கத்தையும் நானே எழுதி, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது முறை பேசிப் பதிவு செய்தேன்.

பயிற்சி அதிகாரி அதை அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் போட்டார். அரை நிமிடத்தில் நிறுத்தினார்.

“என்னம்மா இது, பொறியில மாட்டுன எலி மாதிரி? நீ பேசுனா யாருக்குக் கேக்கும்? படம் போடறதோட நிறுத்திக்கோ. நான் பேசிக்கிறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் எழுதியதையே அவர் படித்துப் பதிவு செய்தார். கடைசி ஸ்லைடில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அதைப் போட்டதும் நான்தான்.

ஏழாவது ஸ்லைடில் ‘முதலில் தண்ணீர், பிறகு அமிலம்’ என்று சிவப்பில் எழுதியிருந்தேன். மாற்றி ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். அவர் பேசி முடித்த பிறகு அந்த வரியை எடுத்துவிட்டேன். அதுதான் அவர் குரலில் இருக்கிறதே. மிச்சம் இருந்தவை இடப்பக்கம் அமிலக் கேன், வலப்பக்கம் தண்ணீர் வாளி, நடுவில் ஒரு கூட்டல் குறி. சுத்தமான ஸ்லைடு. கண் இடமிருந்து வலமாகப் போகும் என்று தெரிந்துதான் வைத்தேன்.

பாடத்தைப் போட்டுக் காட்டுவது தொட்டிக் கொட்டகையில். அங்கே புகையை வெளியேற்ற நான்கு பெரிய விசிறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கர் வைத்தாலும் ஒன்றும் கேட்காது. அதுவும் எனக்குத் தெரியும். அவர் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை என்று ஒருநாள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது. யாருக்கும் கெடுதல் நினைக்கும் சுபாவம் எனக்குக் கிடையாது.

யாராவது சந்தேகம் கேட்டார்களா என்கிறீர்கள். ஒருவர் கேட்டார். இனிமேல் இரண்டு கண்ணும் தெரியாது என்று நேற்று நீங்கள் சொன்னீர்களே, அந்த அக்காதான். வேலைக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் காதருகே குனிந்தார்.

“பாப்பா, ஐயா என்னமோ முணுமுணுங்கிறாரு, ஒண்ணும் விளங்கல. படம்தான் பளிச்சுனு இருக்கு. நீ போட்டதா?”

“ஆமாக்கா.”

“கைராசிதான் போ. முதல்ல எதை ஊத்தணும்?”

என்னிடம் யாரும் அப்படி வந்து கேட்டதில்லை.

“படத்துல இருக்கிற வரிசைதான்க்கா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அன்று அந்தக் கொட்டகையில் தெளிவாகக் கேட்ட ஒரே குரல் என்னுடையதுதான்.