கழுதை கடித்த கடதாசிப்பூ

– மண்வெட்டியைத் தாங்கோ, கிறேஸ் ரீச்சர். இந்தக் கடதாசிப்பூக் கண்டை இண்டைக்குப் பிடுங்கிறதுதான்.

– நல்லாயிருக்கே! போன நத்தார்ப் பண்டிகைக்கு இதை நட்டுத் தரேக்க என்ன சொன்னனீங்கள்? "கடதாசிப்பூ மன்னார் வெயிலுக்கெண்டே பிறந்தது, மூண்டு மாசத்தில வேலி தெரியாமப் பூக்கும், முருங்கன் பெனடிக்ற் சொன்னாச் சொன்னதுதான்" எண்டு.

– சொன்னனான். பூக்கும் மட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பாக்கிறன் எண்டும் சொன்னனான். அந்தச் சொல்லுக்காகத்தானே முருங்கனில இருந்து தோட்டவெளிக்கு இந்தப் பழைய மோட்டச்சைக்கிளை உதைச்சுக்கொண்டு வாறன். எத்தினை சனிக்கிழமை!

– சனிக்கிழமையை நான் எண்ணேல்லை. தேத்தண்ணியைத்தான் எண்ணினனான். ஒவ்வொரு முறையும் ரெண்டு கப்.

– என்ர கண்டுக்கடையில இதே தாய்ச்செடியின்ர கொப்பில வைச்ச கண்டெல்லாம் பூத்துக் குலுங்குது. சனம் பக்கத்தில நிண்டு படம் பிடிக்குது. இங்க மட்டும் பச்சை இலை. உண்மையைச் சொல்லுங்கோ, இன்னும் மீன் கழுவின தண்ணி ஊத்துறியளோ?

– ஐயோ, கண்டுக்காரர், அது பழைய கதை! "மீன்தண்ணி குடிச்சாக் கொழுத்துப்போய் இலைதான் விடும்" எண்டு, என்ர முன்பள்ளிப் பிள்ளையளுக்கு நான் சொல்லுறமாதிரி எனக்கே சொன்னியள். பெரிய வியாழனோட நிப்பாட்டியாச்சு. மண்ணைத் தொட்டுப் பாருங்கோ.

– காய்ஞ்சுதான் கிடக்கு.

– இலை சோர்ந்தால் ஒரு வாளி. அதுக்கு மேல ஒரு சிரட்டைத் தண்ணி இல்லை. எல்லாம் உங்கட கட்டளைப்படி.

– வெயிலும் நல்லா விழுது. ஆட்டெருவும் அளவாத்தான் போட்டனான். பூக்காததுக்கு ஒரு நியாயமும் இல்லை, ரீச்சர். முப்பது வருசமாக் கண்டு விக்கிறன், இப்பிடி ஒரு வெட்கக்கேடு வந்ததில்லை. வரேக்க கோயிலுக்குள்ள போனன், மாதாவின்ர காலடியில ஒரு கட்டுக் கடதாசிப்பூ. கடும் றோசா நிறம். பாக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

– மாதாவிலயோ எரிச்சல்?

– அதை வளத்த ஆளில. ஆரின்ர வீட்டுப் பூ அது?

– ஆரோ ஒருத்தி நேர்த்தி வைச்சிருப்பாள். உங்களுக்கென்ன? அதுசரி, சைக்கிளில என்ன கட்டியிருக்கிறியள்?

– பூத்த கண்டு. சாடியோட. இதைப் பிடுங்கிப்போட்டு அதை நட்டுவிட்டா, நான் குடுத்த சொல்லுத் தீர்ந்திடும்.

– என்ன திடீரெண்டு சொல்லைத் தீர்க்கிற அவசரம்?

– மகன் றொட்னி கொழும்புக்கு வரச்சொல்லி ஒற்றைக்காலில நிக்கிறான். தனிய இருந்து என்ன செய்யிறியள் அப்பா, கடையை ஆருக்கும் குடுத்திட்டு வாங்கோ எண்டு. இண்டைக்குப் பின்னேரம் முடிவு சொல்லவேணும்.

– என்ன சொல்லப்போறியள்?

– மனுசி போய் ஆறு வருசம். என்னை மறிக்க இங்க ஆர் இருக்கினம்?

– அங்க மாடிவீட்டில எங்க கண்டு நடுவியள்?

– பல்கனியில ஒரு சாடி வைக்கலாமாம்.

– ஒரு சாடி! நல்லதுதான். சனிக்கிழமையில கதிரையை விட்டு எழும்பாமலே எட்டிப் பாக்கலாம். தேத்தண்ணி மட்டும் ஆர் தருவினமோ தெரியாது.

– பகிடி விடாதேங்கோ, ரீச்சர். எனக்கு மனம் சரியில்லை. மண்வெட்டி எங்க?

– தரமாட்டன். பூத்த கண்டை ஆரும் வாங்கலாம். எனக்கு இதுதான் வேணும்.

– பூக்காத கண்டை வைச்சு என்ன செய்யப்போறியள்? விடுங்கோ, நான் கையாலயே... ஆ!

– முள்ளு குத்திட்டுதோ? வேணும். கேளாமல் கைவைச்சா அப்பிடித்தான்.

– பொறுங்கோ, பொறுங்கோ. இந்தக் கொப்பின்ர நுனி எங்க?

– கழுதை கடிச்சிருக்கும். ரோட்டு முழுக்கக் கழுதைதானே. படலை திறந்து கிடந்தா உள்ளுக்க வந்திடும்.

– இந்தக் கொப்பிலயும் நுனி இல்லை. அங்கால என்ர தலைக்கு மேல நிக்கிறதிலயும் இல்லை. எல்லாம் ஒரே சரிவா வெட்டுப்பட்டிருக்கு. உங்கட கழுதை கத்திரிக்கோலோடயோ வந்தது?

– மன்னார்க் கழுதையெல்லே. கெட்டிக்காரக் கழுதை.

– இது இண்டைக்கு விடிய வெட்டினது, ஈரம் காயேல்லை. இது போன கிழமை வெட்டு. அதுக்குக் கீழ அதுக்கும் முந்தின வெட்டு. கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சதில இதொண்டும் என்ர கண்ணில படேல்லை. வெட்ட வெட்ட அடர்த்தியாத் துளிர்த்திருக்கு. நுனி வெட்டினா இன்னும் கூடப் பூக்கும் எண்டு நான்தானே உங்களுக்குச் சொல்லித் தந்தனான்?

– ஓம், நீங்கள்தான்.

– வேலியடியில ஒரு இதழ் கிடக்கு, ரீச்சர். கடும் றோசா நிறம்.

– காத்துக்கு எங்கயிருந்தும் வரும்.

– கிறேஸ்... அந்தக் கோயில் பூ?

– வைகாசியில இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிய வெட்டி, மாதாவுக்கு வைச்சிட்டு ஓடிவந்துதான் உங்களுக்குத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுறனான்.

– அப்ப... றொட்னிக்கு நான் என்னெண்டு சொல்லுறது?

– தோட்டவெளியில ஒரு கழுதை மறிக்குதெண்டு சொல்லுங்கோ.