மூத்தவன் வீடுதான் முதல்

கொட்டாஞ்சேனைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது பஸ்ஸைச் சோதனைக்கு நிறுத்தினார்கள். முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“ஐரோப்பாவில இறங்கினா, மூத்தவன்ர வீட்டுக்குப் போகமுன்னம் வேற எங்கயும் போகப்படாது,” என்றார் அந்த அம்மா.

“விசர்க்கதை கதையாதையும். பிளேன் இறங்கிறது ஆம்ஸ்டர்டாமில, அங்க மகள். பிறகு பாரிஸில சின்னவன். கடைசியா சூரிச்சில மூத்தவன். ரயில் பாதை அப்பிடி.”

“பாதை கிடக்கட்டும். சண்டைக்குள்ள முதல் போனவன் அவன்தானே. ஹோட்டல்ல கோப்பை கழுவின காசிலதானே தம்பியையும் தங்கச்சியையும் அங்க கூப்பிட்டவன். நாங்கள் முதன்முதலாப் போறம், அவன்ர வாசல்லதான் முதல் கால் வைக்கவேணும்.”

சோதனைக்கு அடையாள அட்டையை எடுத்துக்கொண்டே அந்த ஐயா சொன்னார்:

“சரியப்பா, பிளேனால இறங்கினதும் நேரே சூரிச்சுக்கே ரயில் எடுப்பம். மற்ற ரெண்டு வீட்டையும் அவனே கூட்டிக்கொண்டு போய்க் காட்டட்டும். அவன் நிமித்திவிட்ட வீடுகள்தானே.”