ஒற்றைக் கோடு

என் மகளுக்கு இன்னும் மூக்கைச் சிந்தத் தெரியாது, அக்கா. சிந்து என்றால் உள்ளே இழுத்துக்கொள்வாள். நீங்கள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளிலேயே இவளுக்குத்தான் கைக்குட்டை காய்ந்திருக்கும், சட்டைக் கை நனைந்திருக்கும் என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். அதனால் அன்றைக்குக் காலையில் மூக்கு ஒழுகியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் என்று சொல்ல முடியாது. வம்பு பண்ணாமல் சாப்பிட்டாள். பார்க்கப்போனால் அதற்குத்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டு விதி எனக்குத் தெரியாமல் இல்லை. சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட உங்கள் வீட்டுக்காரர், எங்கள் எல்லோருக்கும் மாமா, உள்ளறையில் ஆக்சிஜன் மிஷினோடு இருக்கிறார். சளி, தும்மல் என்றால் கொரோனா இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதித்து, அந்தக் கிட்டைப் படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிய பிறகுதான் பிள்ளையைக் கூட்டி வர வேண்டும். கிட்டைக்கூட நீங்களே வாங்கி எல்லா அம்மாக்களுக்கும் கொடுத்தீர்கள். உங்களை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் எனக்குக் காலர் வேலை. எனக்கு முன்னால் இருப்பவள் தோளை மூட்டித் தள்ளுவாள், எனக்கு அடுத்தவள் கை தைப்பாள். நடுவில் நான் இல்லையென்றால் சட்டை குவிந்துவிடும், லைனே நின்றுவிடும். ஏற்கெனவே இவளுக்காக இரண்டு தடவை லீவு போட்டிருந்தேன். சூப்பர்வைசர் கத்துகிற மனிதர் இல்லை. "உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா மிஷின் சும்மா கெடக்கக் கூடாதுல்ல? இன்னொரு தடவைன்னா வேற ஆளத்தான் உக்கார வெக்கணும்" என்று தன்மையாகத்தான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் லாரியை எடுத்துக்கொண்டு போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. போன் போட்டுக் கேட்டேன். "சளிதானே? எதுக்குக் குச்சிய விட்டுக் கிண்டுற? பேசாம அனுப்பி விடு" என்றார். எங்கேயோ ஹைவேயில் போய்க்கொண்டிருக்கிறவரிடம் இதற்கு மேல் என்ன கேட்பது? ஒரு கையில் கிட், ஒரு கையில் அவளுடைய செருப்பு. என்ன செய்வதென்று புரியாமல் நின்றேன்.

அன்று நான் அனுப்பிய படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே ஒரு கோடு, அதாவது கொரோனா இல்லை. அந்தப் படம் பொய்யில்லை, அக்கா. பழைய படமும் இல்லை. அன்று காலையில் எங்கள் சமையல் மேடையில் வைத்து எடுத்ததுதான். மூக்கு மட்டும் என்னுடையது.

குச்சியைக் கண்டாலே அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்வாள். ஒரே வீடு, ஒரே தட்டு, ஒரே போர்வை. அவளுக்கு இருந்தால் எனக்கும் இருக்கத்தானே வேண்டும்? எனக்கு இல்லையென்றால் அவளுக்கும் இல்லை. யாரைக் கேட்டாலும் இது நியாயம்தான் என்பார்கள்.

அதையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவது நன்றாக இருக்காது. முதலில் அவளுக்குத்தான் பார்த்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, மடியில் இடுக்கிக்கொண்டு பார்த்தேன். இரண்டு கோடு வந்தது. இரண்டாவது கோடு மங்கலாகக்கூட இல்லை. அதற்கப்புறம்தான் எனக்குப் பார்த்தேன். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு கோடு, உனக்கு ஒண்ணுதான். நான்தான் ஜெயிச்சேன்" என்றாள். ஆமாம் கண்ணு, நீதான் ஜெயித்தாய் என்று சொல்லிவிட்டு, அவளுடையதைக் குப்பையில் போட்டுக் காகிதத்தால் மூடினேன்.

சும்மா ஒன்றும் அனுப்பவில்லை. மாமா அறைப் பக்கம் போகவே கூடாது என்று பஸ்ஸில் வரும்போது திரும்பத் திரும்பச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினாள். நாலு வயசுப் பிள்ளைக்கு இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

சாயங்காலம் நான் கூட்டிப்போக வந்தபோது மாமா உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தார். "ஏம்மா, உன் பொண்ணு இன்னிக்குக் கதை கேட்டுக்கிட்டே என் மடியிலயே தூங்கிட்டா. என் சட்டையெல்லாம் அவ மூக்குதான்" என்று சிரித்தார். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பீர்கள். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் மறுநாள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டீர்களே. "சட்டையக் குடுங்க மாமா, துவைச்சுத் தரேன்" என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாளும் அனுப்பினேன். மறுநாள் வந்த படமும் என்னுடையதுதான்.

மாமா இறந்துபோனபோது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேனே, அது நடிப்பில்லை. எனக்கு அவர் மேல் உயிர். அன்றைக்கு நீங்கள், பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட வரும் சமையல் அக்காவை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, "தங்கச்சியப் பாக்கப் போறேன்னு ஊர் சுத்திட்டு வந்து இவதான் கொரோனாவக் கொண்டாந்து வெச்சா. என் குடியக் கெடுத்துட்டா" என்றீர்கள். நான் அவரைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் மாஸ்க் இல்லாமல் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். பார்த்தது உண்மைதான். அதோடு அவரை அனுப்பிவிட்டீர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையும் நிறுத்திவிட்டீர்கள்.

அதனால்தான் இன்று வந்தேன். பாவம், ஒரு தப்பும் செய்யாத மனுஷி மேல் பழி இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவர் வந்துவிட்டால் சமையல் அவர் பாடு, நீங்கள் பழையபடி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கும் வீடு வெறிச்சோடிக் கிடக்காது. இத்தனை நாளாகப் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி இவளை விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். இன்றைக்கு யாரும் சரி என்று சொல்லவில்லை. லைன் எட்டு மணிக்கு ஆரம்பித்துவிடும்.

வாசலில்தான் நிற்கிறாள். மாற்றுத் துணியும் பையில் இருக்கிறது. காலையிலிருந்து லேசாகத் தும்முகிறாள். ஆனால் இந்த முறை நான் சோதித்தே பார்க்கவில்லை, அக்கா. உங்களிடம் இனிமேல் பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.