பரவால்ல என்றால் முன்னேற்றம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். அடையாறு ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளின் படிவங்களை என்னிடம் ஒப்படைத்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், டாக்டர் ராகேஷுக்குத் தமிழ் தெரியாது. புதன்கிழமைதோறும் நான் நோயாளிகளிடம் கேள்வி கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதித் தருவேன். அதைப் படித்துவிட்டு அவர் அடுத்த ஊசிக்கு அனுமதி கொடுப்பார்.

அது என்ன ஊசி என்று இந்த விசாரணையில் கேட்டீர்கள். ஊசி போட்டுக்கொள்ள வந்த வேலம்மாவுக்குச் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன். வயதாக ஆக மூளையில் இருக்கும் புரதங்கள் துணி மாதிரி கசங்கிப்போகும். அவற்றை நீவி நேராக்க உடம்பிலேயே ஒரு நொதி இருக்கிறது. இஸ்திரிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறதி நோயில் அவர் கை ஓய்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து வேறொருவரை அனுப்பினால் மூளையின் சந்துக்குள் அவரால் நுழைய முடியாது. அதற்காகத்தான் நானோ துகள். கண்ணுக்கே தெரியாத சைக்கிள். அதில் நொதியை உட்காரவைத்து உள்ளே அனுப்புகிறோம்.

வேலம்மா சிரித்தார். "பொட்டில சூடு ஜாஸ்தி வச்சிட்டா துணி பொசுங்கிடும் நைனா. பாத்து."

"இன்னாம்மா, அகஸ்டின் சாரையே கலாய்க்கிற," என்றாள் மகள் பொன்மணி.

வேலம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது அவரும் போனார். வேலை பார்த்த வீட்டில் இரண்டு தடவை கேஸ் அடுப்பை அணைக்க மறந்ததால் நிறுத்திவிட்டார்கள். முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எம்பொண்ணு பேரு மறந்துபோறதுக்குள்ள சரியாப்பூடுமா?"

படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. முன்னேற்றம், மாற்றமில்லை, பாதிப்பு. பாதிப்பில் ஒரு தடவை டிக் விழுந்தால் அந்த நோயாளிக்கு ஊசி நின்றுவிடும். அடுத்த குழுவைச் சேர்ப்பதும் தள்ளிப்போகும்.

மூன்றாவது வாரம், தலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவால்ல நைனா," என்றார். முன்னேற்றத்தில் டிக் அடித்தேன். நீங்களும் அடித்திருப்பீர்கள். காய்ச்சல் விட்டவர் அதைத்தான் சொல்கிறார். ஆனால் பஸ்ஸில் நம் காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால், வலியை விழுங்கிக்கொண்டு நாமும் அதைத்தான் சொல்கிறோம். வேலம்மா சொன்னது எது என்று நான் கேட்கவில்லை.

நான்காவது வாரம் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தும் தண்ணீர் புடவையில் சிந்தியது. தலை வலிக்கிறதா என்றேன். "வலிக்கத்தான் செய்யுது. பரவால்ல, வுடு. நீ இன்னா பண்ணுவ?" மறுபடியும் முன்னேற்றம் என்றே எழுதினேன். அவர் வாயால் சொன்ன வார்த்தையைத்தானே எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் பொன்மணி படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், காத்தால என்னையே பாத்து நீ யாரு பாப்பான்னு கேக்குது. நீ இன்னாடான்னா ஜாலியா டிக் அடிச்சிகினு கீற?"

மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்போது முதலில் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். எந்த ஆய்வுக் குறிப்பிலும் அப்படி ஒரு வரி கிடையாது. அவள் என் வெள்ளைக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததா," என்று சொல்லி அம்மாவின் ஈர முந்தானையைப் பிழிந்துவிட்டாள். அந்தப் பெண் என்னைத் திட்டியிருக்கலாம். நம்பிவிட்டாள். அதை நினைக்கும்போது உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

டாக்டர் ராகேஷ் என்னை வற்புறுத்தவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. காரணம் என் மனைவி லூயிசா. மயிலாப்பூரில் முப்பது வருடம் டீச்சராக இருந்தவள். இப்போது ஞாயிறு பூசையில் ஜெபம் பாதியில் நின்றுபோய் என் முகத்தைப் பார்க்கிறாள். அதே நோய். அடுத்த குழுவில் அவள் பெயரும் இருந்தது. சிகிச்சை தள்ளிப்போனால் அவள் என்ன ஆவாள் என்ற பயம், அந்த மருந்தின் மேல் இருந்த நம்பிக்கை, இவற்றால்தான் செய்தேன் என்று நேற்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

ஆறாவது ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது, திருவான்மியூர் அருகே பஸ்ஸிலேயே வேலம்மாவுக்கு வலிப்பு வந்தது. மூளை வீங்கியிருந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார். மகளின் பெயர் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை.

அலுவலகக் கோப்பில் ஒரு கடிதம் இருக்கிறது. நீங்கள் இன்னும் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. லூயிசாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி நான் எழுதியது. தேதி, ஆறாவது ஊசிக்கு முந்தின நாள். மறுநாள் காலை வேலம்மாவைக் கைத்தாங்கலாக ஊசி அறைக்கு அழைத்துப்போனதும் நான்தான்.

கடிதத்தில் கடைசி வரி இப்படி இருக்கும்: "இது தற்காலிகம் மட்டுமே. தற்போது சிகிச்சையில் உள்ளவரின் நிலை தெளிவான பின் என் மனைவியை மீண்டும் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்."

அந்த நிலை எனக்குத் தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான் வேலம்மாவுக்கு அந்த ஊசியைப் போடவிட்டேன்.